காக்காவைத் தாத்தா என்கிற வயது: பேச்சு, பிடித்தவை, அன்றாட ஒழுங்கு பற்றிக் கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு வயது முடிந்த நாளிலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகளைப் பற்றியவை இந்தக் கேள்விகள். மாடிவீட்டில் வளரும் பிள்ளை, பகலில் அம்மம்மாவோடு நிற்கும் பிள்ளை, வீட்டுக்குள் தமிழும் வாசலுக்கு வெளியே சிங்களமும் கேட்கும் பிள்ளை ஆகியோரை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஒன்றரை வயதாகிறது. இதற்குள் எத்தனை சொல் வந்திருக்க வேண்டும்?

ஒரே எண் என்று எதுவும் இல்லை. முதல் சொல் பெரும்பாலும் முதலாவது பிறந்தநாளை ஒட்டி வரும். 18 மாதத்தில் பத்துச் சொல்லோடு இருக்கும் பிள்ளையும் உண்டு, ஐம்பதைத் தாண்டிய பிள்ளையும் உண்டு. இரண்டும் வழமைதான். 2 வயதில் ஏறக்குறைய 50 சொல்லும், "அம்மா வா", "பந்து இல்ல" என்று இரண்டு சொல்லைத் தானாகச் சேர்ப்பதும் எதிர்பார்க்கலாம். 3 வயதில் மூன்று நான்கு சொல் வசனங்கள் வரும். கூடவே "ஏன்" என்ற கேள்வியும் வரும். அது வந்த பிறகு வீட்டில் அமைதி இருக்காது.

சொல்லை எண்ணுவதற்கு முன் வேறு இரண்டைப் பாருங்கள். முதலாவது, விளங்கிக்கொள்ளுதல். "சப்பாத்தைக் கொண்டு வா" என்று சொல்லும்போது கையைக் காட்டாதீர்கள், சப்பாத்து இருக்கும் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாதீர்கள். பெரியவர்கள் தம்மை அறியாமலே அங்கே பார்த்துவிடுவார்கள். பிள்ளை சொல்லைக் கேட்காமல் கண்ணைப் பின்தொடர்ந்து போய் எடுத்து வரும். இரண்டாவது, சுட்டிக்காட்டுதல். பறக்கிற காகத்தை விரலால் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? இந்த இரண்டும் இருந்து சொல் மட்டும் குறைவாக இருந்தால் பதற்றம் வேண்டாம், கவனித்து வரலாம். ஒன்று முதல் இருபது வரை ஒப்புவிக்கும் பிள்ளையானாலும் இந்த இரண்டும் இல்லாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எதையெல்லாம் ஒரு சொல்லாக எண்ணலாம்?

ஒரே பொருளுக்கு எப்போதும் அதே ஒலி வரவேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்த மறுகணம் திருப்பிச் சொல்வதாக இல்லாமல் தானாக வரவேண்டும். வேறு இடத்திலும் வரவேண்டும். இவ்வளவு இருந்தால் போதும், உச்சரிப்புத் திருத்தமாக இருக்கத் தேவையில்லை. சப்பாத்துக்குப் "பாத்து", நாய்க்கு "வவ்வவ்", சோற்றுக்கு "மம்மம்" எல்லாம் சொல்தான். பக்கத்து வீட்டில் பிடித்துக்கொண்ட "எபா"வும் (வேண்டாம்) "வதுர"வும் (தண்ணீர்) சொல்தான். "போயிட்டு வாறன்" என்று ஒரே மூச்சில் வருவது பிள்ளைக்கு இன்னும் ஒரு சொல்லே. அதை இரண்டாக எண்ணாதீர்கள்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி நான்கு நிரல் கீறுங்கள்: ஆட்கள், பொருட்கள், செயல்கள், மற்றவை (வேணும், வேண்டாம், இல்ல, இன்னும், சூடு). ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் எழுதட்டும். பகலில் பார்த்துக்கொள்பவர் கட்டாயம் எழுத வேண்டும், பாதிச் சொல் அவர் காதில்தான் விழுகிறது.

பல வீடுகளில் பொருட்கள் நிரல் நிரம்பி வழியும், செயல்கள் நிரல் காலியாகக் கிடக்கும். யானையும் வரிக்குதிரையும் உள்ள படஅட்டைகளைக் காட்டிக் காட்டி வளர்த்ததன் விளைவு அது. வா, போ, தா என்று தமிழில் ஓரெழுத்து வினைகளே இருக்கின்றன. பிள்ளையின் வாய்க்கென்றே செய்தது போன்றவை. வினை வந்தால்தான் வசனம் கட்டும். ஆகவே "பந்து, பந்து" என்று சொல்லிக்கொண்டிருக்காமல் "எறி", "பிடி", "உருட்டு", "போச்சு" என்று சொல்லி விளையாடுங்கள்.

காக்காவைத் தாத்தா என்கிறான். திருத்தலாமா?

நாக்கின் பின்பக்கத்தால் எழும் "க"வை நாக்கு நுனியால் எழும் "த"வாக மாற்றிச் சொல்வது இந்த வயதில் மிகச் சாதாரணம். ம, ப, த, ன முந்தி வரும். ர, ற, ள எல்லாம் பிந்தித்தான் வரும். ரயில் "லயில்" ஆகும், சோறு "தோது" ஆகும். பழத்தைப் "பயம்" என்பதும் அப்படித்தான். ழகரத்துக்காகப் பிள்ளையை வதைக்காதீர்கள், நம்மில் முக்கால்வாசிப் பேர் அதை ளகரமாகத்தான் சொல்கிறோம். (இந்த ஊரில் காக்கா என்றால் சில வீடுகளில் பறவை, சில வீடுகளில் மூத்த அண்ணன், தாத்தா என்றால் சிங்கள வீட்டில் அப்பா. பிள்ளை குழப்புவதற்கு முன்பே நாம் குழப்பித்தான் வைத்திருக்கிறோம்.)

"அப்பிடி இல்ல, திருப்பிச் சொல்லு" என்று நிறுத்தி வைத்தால் பிள்ளை அந்தச் சொல்லையே விட்டுவிடும். "ஓம், காக்கா! காக்கா பறக்குது" என்று சரியான ஒலியில் நீங்கள் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். மழலை அழகாக இருக்கிறது என்று நீங்களும் "தாத்தா பதக்குது" என்று சொல்ல வேண்டாம். வெளியாட்களுக்கு 2 வயதில் பிள்ளையின் பேச்சில் பாதியும், 3 வயதில் முக்கால்வாசியும், 4 வயதில் அநேகமாக முழுவதும் விளங்க வேண்டும். அளவுகோல் அதுதான். அம்மாவுக்கு எல்லாம் விளங்கும், அவரைக் கொண்டு அளக்க முடியாது.

வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், நேர்சரியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பாதா?

குழம்பாது. இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை. "வதுர வேணும்" என்று கலந்து சொல்வது, கையில் உள்ள சொற்களை வைத்துக் காரியம் சாதிக்கும் கெட்டித்தனம். பெரியவர்கள் "பஸ் லேட், ஒபிஸ்ல மீட்டிங்" என்று கதைக்கும் ஊரில் பிள்ளை மட்டும் தனித்தமிழ் பேசுமா?

எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். பாலும் "கிரி"யும் இரண்டு சொல். தமிழில் 20, சிங்களத்தில் 15, ஆங்கிலத்தில் 15 என்றால் அது 50 சொல் உள்ள பிள்ளை. தமிழ்ச் சொல்லை மட்டும் எண்ணிவிட்டு "பிந்திவிட்டது" என்று முடிவு கட்டுவது தவறு.

உண்மையில் கெடுதல் செய்வது வேறொன்று. நேர்சரி நேர்முகத்துக்காகச் சில வீடுகளில் இரண்டு வயதில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். அம்மா அப்பாவுக்கு அந்த மொழியில் விளையாட்டுப் பேச்சு வராது, கொஞ்சல் வராது. "சிட்", "கம்", "ஈட்", "டோன்ட் டச்" என்று இருபது கட்டளைகள்தான் பிள்ளையின் காதில் விழும். எந்த மொழியில் உங்களுக்குச் சிரிக்கவும் செல்லம் கொஞ்சவும் தாலாட்டவும் வருமோ அந்த மொழியில் கதையுங்கள். ஆங்கிலம் பள்ளிக்கூடம் தரும், சிங்களம் தெரு தரும். வீட்டில் கிடைக்காத தமிழைக் கொழும்பில் வேறு யாரும் தரமாட்டார்கள்.

இரண்டேகால் வயது. தன்னைத்தானே "நீங்க" என்கிறாள்.

"வாங்கோ", "சாப்பிடுங்கோ" என்று பிள்ளையை மரியாதையாக அழைக்கும் வீடுகளில் இது நிறையக் கேட்கும். பால் வேண்டும் என்றால் "நீங்க பால் குடிக்கிறீங்களா?" என்று பிள்ளை கேட்கும், நீங்கள் கேட்ட வசனம் அது. நான், நீ இடம் மாறுவது மூன்று வயதை நெருங்கும்போது தானாகச் சரியாகும். விளக்கம் சொல்லாதீர்கள், "நான்" என்று நெஞ்சைத் தொட்டுக்காட்டினால் பிள்ளைக்கு நான் என்றால் நீங்கள்தான். அதற்குப் பதிலாகப் பிள்ளை சொல்ல வேண்டியதைப் பிள்ளையின் குரலாகச் சொல்லுங்கள்: "எனக்குப் பால் வேணும்." இரண்டு பெரியவர்கள் ஒருவரோடொருவர் "எனக்குத் தாங்கோ", "இந்தாங்கோ, உங்களுக்கு" என்று கதைப்பதைப் பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்பது எல்லாவற்றையும்விட நல்லது.

பேச்சு வளர என்ன செய்ய வேண்டும்? என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம்?

சாமானில் பெரிதாக ஒன்றும் இல்லை. பற்றரி போட்டுக் கதைக்கும் பொம்மை கதைக்கத் தொடங்கினால் மனிதர் வாயை மூடிவிடுவார், அதுதான் அதில் உள்ள குறை. வாளி, மூடியுள்ள டப்பாக்கள், மரக்கரண்டி, பந்து, தடித்த தாளில் இரண்டு மூன்று படப்புத்தகம் போதும். பேச்சு விளையும் இடம் அன்றாட வேலைகள். குளிப்பாட்டலை எடுத்துக்கொள்வோம்.

தினமும் அதே ஒழுங்கில், அதே சொற்களால் செய்யுங்கள்: "உடுப்பைக் கழட்டு. தலையில தண்ணி. கண்ணை மூடு. சவுக்காரம் போடு. முடிஞ்சுது. துவாய் எங்க?" இரண்டு வாரம் மாற்றாமல் செய்த பிறகு ஒரு நாள் தண்ணீர்க் கோப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு "கண்ணை..." என்று நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஐந்து விநாடி பெரியவருக்கு நீளம், பிள்ளைக்குச் சரியான அளவு. "மூ" என்றாலும் சரி, கண்ணை இறுக்கி மூடிக் காட்டினாலும் சரி, அதைப் பதிலாக ஏற்றுத் தண்ணீரை ஊற்றுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று அழ வைத்தால் காரியம் கெட்டுவிடும், அடுத்த நாள் அந்த இடம் வந்தாலே பிள்ளை முகத்தைத் திருப்பும்.

கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். "பால் வேணுமா?" என்றால் தலையாட்டல்தான் கிடைக்கும். இரண்டையும் கையில் காட்டி "பாணா, புட்டா?" என்றால் ஒரு சொல் கிடைக்கும். "இது என்ன, அது என்ன நிறம்" என்ற பரீட்சையைக் குறையுங்கள். ஒரு கேள்வி கேட்டால் நான்கு தரம் நடப்பதைச் சொல்லுங்கள்.

பிள்ளை சொன்னதோடு ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். "ரயில்" என்றால் "ரயில் வருது". "ரயில் வருது" என்றால் "பெரிய ரயில் வருது". ஒரே தாண்டலில் முழு விளக்கம் வேண்டாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடலோர ரயில் பெரிய கொடை. பாதைக்குத் தள்ளி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒவ்வொரு முறையும் அதே நாடகம் நடக்கும்: சத்தம் கேட்குது, வருது வருது, ஊ..., போயிட்டுது, இனி இல்ல. திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் வருவதால் பிள்ளை அடுத்ததை முந்திச் சொல்லத் துடிக்கும். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குக் கோயில் மணியும், பாட்டோடு பாண் விற்று வரும் சூன் பாண் ஓட்டோவின் மெட்டும் அதே வேலையைச் செய்யும்.

ஒரே புத்தகம், ஒரே ஃபேன், அம்மம்மாவின் ஒரே பழந்துணி. இந்தப் பிடிவாதம் சரியா?

சரிதான். பத்தாம் முறை அதே புத்தகத்தைக் கேட்கும் பிள்ளைக்கு அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரியும். அந்தத் தெரிதலின் சுகத்தில்தான் சொல் பதிகிறது. நீங்கள் சலித்துப்போனால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பற்றிக் கதையுங்கள்.

துணி என்றால் உடனே அதைப் போல இன்னொன்று தேடிவையுங்கள், அல்லது அதையே இரண்டாக வெட்டித் தைத்துவிடுங்கள். வாரம் மாறித் துவைத்தால் இரண்டிலும் ஒரே மணம் இருக்கும். புதிதாகத் துவைத்ததைக் கொடுத்தால் பல பிள்ளைகள் ஏற்காது, முந்தின இரவு உங்கள் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுக் கொடுங்கள்.

சுழலும் ஃபேனைப் பார்ப்பதில் குற்றமில்லை. கூப்பிட்டால் திரும்பாமல், வேறு விளையாட்டுக்கே வராமல் மணிக்கணக்கில் அதையே பார்த்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிடித்தவற்றில் ஆபத்தானவையும் உண்டு. ரிமோட்டிலும் புறக்கோட்டையில் வாங்கும் மலிவுப் பொம்மைகளிலும் உள்ள தட்டையான பட்டன் பற்றரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. றம்புட்டான் காலத்தில் பழத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். கொட்டையை நீக்கிச் சிறு துண்டாக்குங்கள். திராட்சையை நீளவாட்டில் நான்காக வெட்டுங்கள். கச்சானும் முறுக்கும் இந்த வயதுக்கு வேண்டாம்.

இருவரும் வேலை. வீடு வர ஏழு மணி. நாள் ஒழுங்கை எப்படி வைப்பது?

1 முதல் 2 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலமும், 3 வயதில் 10 முதல் 13 மணித்தியாலமும் தூக்கம் தேவை. அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வேலை செய்யும் ஒழுங்கு ஒன்று: 6.45க்கு எழும்பல், 7.30க்குக் காலைச் சாப்பாடு, 10க்குப் பழம், 11க்குக் குளிப்பு, 12க்குச் சோறு, 12.45 முதல் 2.45 வரை தூக்கம், 3.30க்குச் சிற்றுணவு, 4.30 முதல் 5.45 வரை வெளியே, 6.30க்கு இரவுச் சாப்பாடு, 8.30க்கு விளக்கணைப்பு. ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும், நுளம்பும் வந்துவிடும். விகாரமகாதேவிப் பூங்காவோ காலிமுகத்திடலோ போவதென்றால் அதற்குள் போய் வரவேண்டும். மழை நாளில் மாடிப்படி ஏறி இறங்குவதே போதும்.

பெரும்பாலும் கெடும் இடம் பகல் தூக்கம். அம்மம்மா பாவம் பார்த்து ஐந்து மணிவரை தூங்கவிட்டால் இரவு பத்தரை வரை ஆட்டம்தான். மூன்று, மூன்றேகாலுக்கு மேல் தூங்கவிடாதீர்கள். ஏற்கெனவே பத்தரை என்று பழகியிருந்தால் ஒரே நாளில் இழுக்க முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டு வாருங்கள், காலையில் எழுப்பும் நேரத்தையும் சேர்த்து.

ஏழு மணிக்கு வரும் பெற்றோர் சாப்பாட்டையும் குளிப்பையும் தாங்களே செய்யத் துடிக்க வேண்டாம். சாப்பாடு முன்பே முடிந்திருக்கட்டும். உங்களுக்கு உள்ள ஒன்றரை மணித்தியாலத்தில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு விளையாட்டு, பல் தீட்டல், புத்தகம், பாட்டு, படுக்கை என்று அதே வரிசையில் செய்யுங்கள்.

போன் காட்டாவிட்டால் ஒரு வாய் சோறும் இறங்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம். 2 வயதிலிருந்து நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டு நேரப் போனில் இரட்டை நட்டம்: பிள்ளைக்குப் பசியும் வயிறு நிறைவதும் தெரியாமல் போகிறது, நாளில் மூன்று தரம் கிடைக்கும் கதைக்கும் நேரமும் போகிறது.

நிறுத்தும் விதம்: முதலில் இரவுச் சாப்பாட்டில் தொடங்குங்கள், அப்போது வீட்டில் ஆள் அதிகம். தரையிலோ கதிரையிலோ எல்லோரும் சேர்ந்து இருங்கள். பிள்ளைக்குத் தனிப் பீங்கானில் மூன்று மேசைக்கரண்டி சோறு, பருப்பு, மீன் துண்டு. தானே பிசைந்து சிந்தட்டும். 20, 25 நிமிடத்தில் பீங்கானை எடுத்துவிடுங்கள். பின்னால் பிஸ்கட்டோ பாலோ கொடுத்து ஈடுகட்ட வேண்டாம். முதல் மூன்று நாலு நாள் குறைவாகத்தான் சாப்பிடும். வீட்டில் ஒருவர் மனமிரங்கி நாலாம் நாள் போனைக் கொடுத்தால், நாலு நாள் அழுதால் போன் வரும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும்.

பால் நிறையக் குடிக்கிறாள், சோறு வேண்டாம் என்கிறாள்.

பாலைக் குறையுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு பசுப்பாலோ பால்மாவோ நாளுக்கு 400, 500 மில்லி லீற்றருக்கு மேல் போனால் பசி கெடும், இரும்புச்சத்தும் குறையும். சூப்பிப் போத்தலை விட்டுக் கோப்பைக்கு மாறுங்கள். தேநீர் கொடுக்காதீர்கள், உணவில் உள்ள இரும்பு உடலில் சேராமல் தடுக்கும். தாய்ப்பால் 2 வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்கிறார்கள். நாக்குக் கட்டை வெட்டலாமா?

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் உண்டு. அம்மம்மாவின் நம்பிக்கையைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால் அது பேச்சைக் கொண்டு வராது, உள்ளே போனால் கடும் வாந்தியைக் கொண்டுவரலாம். கையில் வளையலாகவும் வேண்டாம், பிள்ளை கடிக்கும். தேனை ஒரு வயதுக்கு முன் தொட்டும் வைக்கக் கூடாது.

நாக்குக் கட்டு (நாக்கின் அடிச் சவ்வு குட்டையாக இருப்பது) சில ஒலிகளைத் தடுமாற வைக்கலாம். சொல்லே வராத பிள்ளைக்கு அதை வெட்டுவதால் சொல் வந்துவிடாது.

"தகப்பனும் மூன்று வயதில்தான் கதைச்சவர்" என்கிறார் மாமி. காத்திருக்கலாமா?

ஆண் பிள்ளைகள் சற்றுப் பிந்துவது உண்மை, ஆனால் அது ஒன்றிரண்டு மாத வித்தியாசம். 12 மாதத்தில் "பாபா, மாமா" என்ற மழலை ஒலிகளே இல்லாவிட்டால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாவிட்டால், 18 மாதத்தில் சுட்டிக்காட்டாவிட்டால், 2 வயதில் சொந்தமாக இரண்டு சொல் சேர்க்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள்.

இரண்டரை வயதில் திடீரென்று "அ-அ-அம்மா" என்று திக்குகிறது.

சொல்ல நினைப்பது நாக்கை முந்தும் வயது. பெரும்பாலும் தானாக நின்றுவிடும். "மெதுவாச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். நீங்கள் மெதுவாகக் கதையுங்கள், முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், முகமோ கழுத்தோ இறுகினால், குடும்பத்தில் திக்குவாய் இருந்தால் காட்டுங்கள்.

யாரிடம் காட்டுவது? என்ன கொண்டுபோக வேண்டும்?

18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும் போட எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்கோ மாநகரசபைக் கிளினிக்குக்கோ எப்படியும் போவீர்கள். அன்றே கேளுங்கள், ஊசி போட்ட கையோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் வளர்ச்சிப் படிகளுக்கான பக்கம் உண்டு. எடைக் கோட்டை மட்டும் பார்த்து மூடிவைக்கும் புத்தகம் அல்ல அது. பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சைப் பிரிவு உண்டு, அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் இல்லை.

முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதனை செய்யச் சொல்வார்கள். "கூப்பிட்டால் திரும்புகிறானே" என்று தட்டிக் கழிக்காதீர்கள். தடிமனுக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளைக்குக் கதவு அடிப்பது கேட்கும், "ச", "த" தெளிவாகக் கேட்காது.

கையில் பதிவேடு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய சொற்தாள், வீட்டில் விளையாடும்போது பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்த இரண்டு நிமிட வீடியோ இரண்டு, பிடித்த புத்தகம், அந்தப் பழந்துணி எல்லாம் இருக்கட்டும். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறக்காது, வீடியோ அதற்குத்தான். பகலில் பார்த்துக்கொள்பவரையும் கூட்டிப் போங்கள். பன்னிரண்டரைக்குத் தூங்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணிக்கு நேரம் தந்தால் காலை ஒன்பதுக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள்.